எம்.ஃபில். போன பிறகு ஆய்வு மாணவர் எங்கே பழகுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுகலைத் தேர்வு முடிவுகள் வந்ததும் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கல்லூரிகளின் துறை வாசல்களில் "சார், உங்களிடம் வேகன்சி இருக்கிறதா?" என்ற கேள்வி அடிக்கடி காதில் விழும். முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்ய வரும் மாணவர், தாம் எதை ஆராய விரும்புகிறோம் என்று சொல்லும் முன்பே இடம் காலியாக இருக்கிறதா என்று கேட்கிறார். இடம் இருந்தால் தலைப்பையும் ஆய்வை வழிநடத்தும் நெறியாளரே கொடுத்துவிடுவார் என்று எதிர்பார்க்கிறார். இதில் மாணவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்கலாம்; ஓய்வு பெற மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவரைச் சேர்த்துக்கொள்ள முடியாது. இடம் குறைவு என்னும்போது முந்திக்கொள்ளத்தான் தோன்றும்.

முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடையில் இருந்த எம்.ஃபில். என்ற ஆய்வுப் படிப்பை அதே விதிமுறைகள் நிறுத்தின. அதன் விளைவை நம் கல்லூரிகள் இன்னும் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எம்.ஃபில். பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். ஆனாலும் ஒரு சிறிய ஆய்வேட்டை எழுதிப் பார்க்கவும், இந்தப் பொருள் நமக்கு ஒத்துவருமா, இந்த ஆசிரியரோடு நான்கைந்து ஆண்டுகள் வேலை செய்ய முடியுமா என்று அறிந்துகொள்ளவும் அது இடம் கொடுத்தது. இன்று அதற்கு மிஞ்சியிருப்பது முதுகலையின் கடைசிப் பருவத்து பிராஜெக்ட் ஒன்றுதான். அதையும் பல துறைகளில் தேர்வுக்கு முந்தைய சில வாரங்களில், சென்ற ஆண்டு மாணவரின் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடித்துவிடுகிறார்கள். பிராஜெக்டை மூன்றாம் பருவத் தொடக்கத்திலேயே ஆரம்பித்து, தலைப்பை மாணவரே எழுதித் தரவேண்டும் என்று துறைகள் கட்டாயமாக்கினால் பாதிச் சிக்கல் தீரும்.

ஆய்வு ஆர்வம் என்பது யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வருவதில்லை. "பாலாறும் தோல் கழிவும்" என்று ஒரு மாணவர் சொன்னால் அது ஒரு பரப்பு மட்டுமே, இன்னும் கேள்வியாகவில்லை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாற்றுப் பகுதி மாசுபடுவதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது; பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டை மதிப்பிட ஆணையம் அமைக்கவும் உத்தரவிட்டது. அதற்குப் பிறகு வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ குறிப்பிட்ட சில கிணறுகளின் நீர் தேறியதா, தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் மண்ணிலிருந்து பயிருக்கு எவ்வளவு ஏறுகிறது என்பது வேதியியல் மாணவரின் கேள்வி. நிலத்தைத் தரிசாக விட்ட குடும்பம் பிறகு எந்த வேலைக்குப் போனது என்பது பொருளியல் மாணவருடையது. இழப்பீடு யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சட்ட மாணவர் கேட்கலாம். ஆற்றங்கரை ஒன்றுதான் என்றாலும் இம்மூவருக்கும் வேண்டிய நெறியாளர்கள் வெவ்வேறு. கேள்வி இவ்வளவு கூர்மையாகும் வரை யாரிடம் போவது என்பதே தெரியாது.

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் கிராமங்களில் பசுமைப் புரட்சி என்ன செய்தது என்று அறிய 1970களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள். சுமார் பத்தாண்டுக்குப் பின் வேறொரு குழு, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் துணையோடு, அதே ஊர்களுக்குத் திரும்பிச் சென்று மாற்றத்தை அளந்தது. அதன் முடிவுகள் 1991இல் நூலாக வந்தன. அந்த ஊர்களில் இன்று பாசனமும் கூலியும் குத்தகையும் எப்படி இருக்கின்றன என்று கேட்க நம் பொருளியல் மாணவர் பேருந்து ஏறினால் போதும். அந்த ஆய்வுகள் இங்கு நடந்ததே நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

நெறியாளரைத் தேடும்போது அவருடைய பட்டங்களை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, அவரிடம் பட்டம் பெற்றவர்களின் ஆய்வேடுகளைப் படிப்பது மேல். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் திரட்டித் தரும் ஷோத்கங்கா இணையதளத்தில் அவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எல்லா ஏடுகளும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றனவா, ஒவ்வொரு மாணவரும் தமக்கென ஒரு கேள்வியை எடுத்திருக்கிறாரா என்பது இரண்டு மூன்று ஏடுகளைப் புரட்டினாலே விளங்கும். மேற்கொண்டு ஆராய வேண்டியவை என்று கடைசி இயலில் எழுதியிருப்பதைப் பலரும் படிப்பதில்லை. தலைப்பு தேடுபவர் அங்கேதான் தொடங்க வேண்டும். தற்போது அவரிடம் பயில்பவர்களைத் தனியே சந்தித்து, எழுதிக் கொடுத்த இயல் எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்றும் கேட்கலாம். நெறியாளரின் வீட்டு வேலை, வங்கி வேலை எல்லாம் செய்ய வேண்டியிருக்கும் என்று அவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னால், அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே மின்னஞ்சலைப் பெயர் மாற்றி இருபது பேருக்கு அனுப்பும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். பெறுபவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

ஆலங்காயத்திலிருந்தோ ஒடுகத்தூரிலிருந்தோ வரும் பெண், மாலைக்குள் வீடு திரும்பும் தொலைவில் நெறியாளர் வேண்டும் என்று கேட்டால் அதை ஆர்வக் குறைவு என்று சிலர் பேசுகிறார்கள். அது வாழ்க்கைக் கணக்கு. மற்றவற்றோடு அதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

நெறியாளர்களின் பெயர், அவர்களிடம் பதிவு செய்த மாணவர்கள், ஆய்வுத் தலைப்பு, சேர்ந்த தேதி ஆகியவற்றைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்று விதிமுறைகள் ஏற்கெனவே சொல்கின்றன. திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின்கீழ் உள்ள கல்லூரிகள் அப்பட்டியலில் தத்தம் துறைக்குரிய பகுதியை, காலியிடமும் நெறியாளர் ஓய்வுபெறும் ஆண்டும் சேர்த்து, முதுகலை மூன்றாம் பருவம் தொடங்கும்போதே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
காட்பாடி.