வான்க்ளின் தம்பிக்கு, சரி என்று சொல்லிவிட்டேன்

வான்க்ளின் தம்பி,

பிரிட்டிஷ் சப்மரீன் தலைவராக நீங்கள் கடலோடு போகும்போது உங்களுக்கு முப்பது வயது. நான் அதைத் தாண்டி ரொம்ப நாளாச்சு, அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். இன்று ஏப்ரல் 14, இங்கே சித்திரைப் பிறப்பு. 1942ல் உங்கள் சப்மரீன் அப்ஹோல்டர் உங்களோடு போன நாளாகக் குறித்திருப்பதும் இதைத்தான். என் மகனுக்கு இது மனப்பாடம். நீங்கள் கல்கத்தாவில் பிறந்தவர் என்பதை, ஏதோ ஒன்றுவிட்ட மாமா மாதிரி எல்லோரிடமும் சொல்லுவான்.

சப்மரீனில் வேலைக்கு எழுதிக் கொடுக்கட்டுமா என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், நானும் இழுத்தடித்தேன். நேற்று போனில் சரி என்றேன். எந்த ஊர், எந்தக் கப்பல் என்பதெல்லாம் இங்கே எழுத மாட்டேன். நாலு பேர் படிக்கிற இடம், அவன் வேலை அப்படி.

1941 மே 24 சாயங்காலம்தான் என் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவைக் கப்பலாக நிறுத்தி அவன் சொல்லுவான்: வெளிச்சம் மங்குகிறது, ஒலி கேட்கும் கருவி வேலை செய்யவில்லை, மிச்சம் இரண்டே டார்பிடோ, சுற்றிலும் எதிரியின் டெஸ்ட்ராயர் போர்க்கப்பல்கள். டார்பிடோவை விட்டீர்கள், சிப்பாய்களை ஏற்றிப்போன இத்தாலியக் கப்பல் கான்டே ரோஸோ மூழ்கியது. அப்புறம் உங்களைக் குறிவைத்து 20 நிமிடத்தில், தண்ணீருக்கடியில் வெடிக்கிற 37 குண்டுகள், எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று கேட்கக்கூட வழியில்லாமல் அந்த இரும்புக் கூட்டுக்குள் நீங்களும் உங்கள் பையன்களும். அந்த இடம் வந்தால் இவனுக்குக் கண் மின்னும், எனக்குச் சோறு இறங்காது. அந்தக் கப்பலில் சிப்பாய்களும் மாலுமிகளுமாக 2,700க்கும் மேல் பேர் இருந்தார்கள், சுமார் 1,300 பேர் செத்தார்கள் என்பது அவன் கதையில் வராது, நானாகத் தேடிப் படித்தேன். போர், தெரியும். தப்பவிட்டிருந்தால் அவர்கள் லிபியாவில் இறங்கி உங்கள் ஆட்களைத்தான் சுட்டிருப்பார்கள். ஊருக்குள் உட்கார்ந்துகொண்டு உங்களைக் கேள்வி கேட்க எனக்கு என்ன யோக்கியதை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் கேட்கிறேன். நீங்கள் திரும்பி வராத அந்த 25வது ரோந்து முடிந்தால் இங்கிலாந்து திரும்பலாம் என்று இருந்தது. 24லேயே முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? மனைவி இருந்தாள், சின்னப் பையன் இருந்தான். கப்பல் போன செய்தியைக் கடற்படை வெளியே சொன்னதே ஆகஸ்ட் 22ல். உங்கள் கூட்டாளிக் கப்பல் அர்ஜ் அதே ஏப்ரல் 27ல் போனது. அதையாவது 2019ல் மால்டா கடலடியில் கண்டுபிடித்தார்கள். நீங்கள் கிடக்கிற இடம்கூடத் தெரியாது. வீரம் வீரம் என்று இவன் பேசும்போது சில சமயம் உங்கள் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வருகிறது.

சரி என்று சொன்னபோது ஒரே நிபந்தனை போட்டேன். எவனாவது உன்னிடம் "போதும், வீட்டுக்குப் போ" என்றால் மறுபேச்சில்லாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். "அதை அவங்க சொல்லணுமேம்மா" என்று சிரிக்கிறான். அந்தச் சிரிப்புக்கு நீங்கள்தான் பொறுப்பு.