அமைதிப்படை நூலுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

ஐ.நா. அமைதிப்படையில் இந்தியா, சீனா, பிரேசில், தென்னாப்பிரிக்கா போன்ற வளர்ந்துவரும் நாடுகளின் பங்கைப் பற்றி நான் எழுதிவந்த புத்தகம் ஒருவழியாக அச்சுக்குப் போய்விட்டது. நன்றி சொல்லப் பதிப்பாளர் ஒரே ஒரு பக்கம் ஒதுக்கினார். அதில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது? போதாக்குறைக்கு, உதவியவர்களில் பலர் "என் பேரைப் போட்டுவிடாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இந்தப் பொது மடல். பெயர் இல்லாவிட்டால் என்ன, யாரைச் சொல்கிறேன் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் நன்றி, ராணுவப் பொறியாளர் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற ஐயாவுக்கு. நான் உங்களிடம் வந்தது வீரக்கதை கேட்க. நீங்கள் எடுத்து முன்னே வைத்தது ஒரு பரிசோதனைப் பட்டியல். ஜெனரேட்டர், தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி, கூடாரம், சமையலறை, துணி துவைக்கும் வசதி என்று பக்கம் பக்கமாக நீண்டது. படை அனுப்பும் நாடு இதையெல்லாம் தானே கொண்டுபோக வேண்டும், ஐ.நா. அதற்கு வாடகை தரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் வந்து வண்டிகளையும் கருவிகளையும் ஓட்டிப் பார்ப்பார். ஓடாத வண்டிக்கு வாடகை கிடையாது. இதை நீங்கள் சொல்லச் சொல்லத்தான், ஒரு நாடு படை அனுப்புகிறது என்றால் ஒரு சிற்றூரையே பெயர்த்துக்கொண்டு போகிறது என்பது எனக்கு உறைத்தது.

பண விவரத்தையும் நீங்கள்தான் தெளிவாக்கினீர்கள். ஒரு வீரருக்கு மாதம் 1,400 டாலருக்குச் சற்று மேல் ஐ.நா. கொடுக்கிறது. எந்த நாட்டு வீரராக இருந்தாலும் அதே தொகை. போய்ச் சேருவதும் அரசுக்குத்தான், வீரரின் கைக்கு அல்ல. ஏழை நாடுகள் காசுக்காகப் படை அனுப்புகின்றன என்று போகிறபோக்கில் எழுதுகிறார்களே, சில சிறிய நாடுகளுக்கு அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் அந்தக் கணக்கு ஒட்டவே ஒட்டாது. அந்தப் பணமும் நேரத்துக்கு வருவதில்லை. அமைதிப்படைச் செலவில் அமெரிக்காவின் பங்கு கால்பங்குக்கும் அதிகம். ஆனால் அந்நாட்டு நாடாளுமன்றம் 1994இல் இயற்றிய சட்டம் 25 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்கிறது. இப்படி விழும் பாக்கிக்காகக் காத்துக் கிடப்பவை படை அனுப்பிய நாடுகள்தான்.

அடுத்து, மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் பணியாற்றிய சுபேதார் ஐயா. 2000 மே மாதம் அங்கே கிளர்ச்சிப் படையினர் அமைதிப்படை வீரர்கள் சுமார் 500 பேரைப் பிடித்துவைத்தார்கள். கைலாகுன் நகரில் இந்திய வீரர்கள் இரண்டு மாதத்துக்கும் மேல் முற்றுகையில் கிடந்து, ஜூலையில் ‘ஆபரேஷன் குக்ரி’ மூலம் மீண்டார்கள். இதெல்லாம் ஆவணங்களில் இருக்கிறது. சாப்பாடு குறையக் குறைய யாருக்கு எவ்வளவு என்று பங்கு போட்ட கதை அவற்றில் இல்லை. நீங்கள் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் முகாமை வரைந்து, காவல் நிலைகளைப் பென்சிலால் குத்திக் காட்டியபடியே அதைச் சொன்னீர்கள். அந்தத் தாளை என்னிடமே விட்டதற்கும் சேர்த்து நன்றி.

அந்த அத்தியாயத்தில் உங்களுக்குப் பிடிக்காத பகுதி ஒன்றும் இருக்கிறது. அங்கே ஐ.நா. படைத்தளபதியாக இருந்த இந்தியர் மேஜர் ஜெனரல் ஜெட்லி, அதே பணியில் இருந்த நைஜீரிய உயரதிகாரிகள்மேல் குற்றஞ்சாட்டி எழுதிய குறிப்பு பத்திரிகைகளுக்குக் கசிந்தது. பெரிய சண்டையாகி, கடைசியில் இந்தியா தன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. வளரும் நாடுகள் எல்லாம் ஒரே அணி என்று மேடையில் பேசுவது சுலபம். களத்தில் ஒரே கட்டளையின் கீழ் நிற்பது வேறு. நீங்கள் வருத்தப்பட்டாலும் "எழுதுங்க, நடந்ததுதானே" என்று விட்டுவிட்டீர்கள். பெரிய மனசு.

போர்த்துகீசிய ஆவணங்களைப் படித்துச் சொன்ன தோழிக்கு நான் பட்ட கடன் பெரியது. ஹெய்ட்டியில் 2004 முதல் 2017 வரை இருந்த ஐ.நா. படையைப் பிரேசில் தளபதிகளே நடத்தினார்கள். பாதுகாப்புச் சபையில் நிரந்தர இடம் கேட்கும் ஒரு நாடு, தன் தகுதியைக் காட்டப் பிடித்துக்கொண்ட வாய்ப்பு அது. நான் அத்தோடு முடித்துக்கொள்ளப் பார்த்தேன். அந்தத் தளபதிகள் ஊர் திரும்பிய பிறகு என்ன ஆனார்கள் என்று தேடச் சொன்னது நீ. முதல் தளபதி அகஸ்டோ ஹெலேனோ, பின்னால் வந்த சாண்டோஸ் குரூஸ் இருவருமே 2019இல் பிரேசில் அதிபர் பொல்சொனாரோவின் அரசில் அமைச்சர்கள்! வெளிநாட்டில் அமைதி காக்கப் போன படை, உள்நாட்டு அரசியலுக்கு என்ன கொண்டுவருகிறது என்ற கேள்வி நூலுக்குள் வந்ததே உன்னால்தான். காலராவை விட்டுவிடாதே என்று அடம்பிடித்ததும் நீதான். 2010இல் ஐ.நா. முகாம் ஒன்றின் கழிவுநீரிலிருந்து பரவிய நோயில் ஆயிரக்கணக்கான ஹெய்ட்டி மக்கள் செத்தார்கள். ஐ.நா. பொதுச்செயலர் மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் ஆயிற்று. அமைதிப்படையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த ஆறு வருட இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

கையெழுத்துப் பிரதியைச் சிவப்பு மையால் நிரப்பித் திருப்பித் தந்த சர்வதேசச் சட்டப் பேராசிரியர் அம்மாவுக்கு என்ன சொல்வது? "ரத்தம் எங்களுடையது, பேனா அவர்களுடையது" என்று, படை அனுப்பும் நாடுகள் தீர்மானம் எழுதும் வல்லரசுகள்மேல் சொல்லும் புகாரை நான் நூல் முழுக்கத் தூக்கிப் பிடித்திருந்தேன். புகாருக்கு ஆதாரமும் இருக்கிறது. காங்கோ பற்றிய தீர்மானங்களின் வரைவைப் பிரான்ஸ் எழுதுகிறது, தெற்கு சூடானுக்கு அமெரிக்கா. 1997 முதல் அமைதிப்படைத் துறையின் தலைமைப் பதவியில் தொடர்ந்து பிரெஞ்சுக்காரர்களே. பாதுகாப்புச் சபையில் இல்லாத ஒரு நாட்டிடம் படை கேட்கும் முன், அந்த நாட்டையும் முடிவெடுக்கக் கூப்பிட வேண்டும் என்று ஐ.நா. சாசனத்தின் 44ஆவது பிரிவு சொல்கிறது. அது ஏட்டில் தூங்குகிறது.

"சரி, பேனா கைக்கு வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். 2011இல் லிபியாவில் படைபலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் தீர்மானம் வந்தபோது இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா மூன்றும் பாதுகாப்புச் சபையில் இருந்தன. இந்தியாவும் பிரேசிலும் வாக்களிக்காமல் ஒதுங்கின. தென்னாப்பிரிக்கா ஆதரித்துவிட்டுப் பிறகு குறைபட்டுக்கொண்டது. படைபலத்தைப் பயன்படுத்துகிறவர்கள் பதில் சொல்லவும் வேண்டும் என்று அந்த ஆண்டு நவம்பரில் பிரேசில் ஒரு நல்ல யோசனையை முன்வைத்தது. கொஞ்ச நாளில் அதைப் பிரேசிலே பேசுவதை விட்டுவிட்டது. உங்கள் கேள்விக்குப் பிறகு அந்த அத்தியாயத்தை மறுபடி எழுதினேன். புகார் நியாயம்தான். ஆனால் பொறுப்பை மட்டும் நைசாகத் தள்ளிவிட்டு இடம் கேட்பது செல்லாது என்பதே இப்போது என் கட்சி.

சீனா பற்றிய பகுதியும் இந்த வெளிச்சத்தில்தான் மாறியது. 1971இல் ஐ.நா.வுக்குள் வந்தபோது அமைதிப்படைக்குக் காசு தரவே மறுத்த நாடு, இன்று அதன் செலவில் அமெரிக்காவுக்கு அடுத்த பெரிய பங்கைச் செலுத்துகிறது. 2015இல் தெற்கு சூடானுக்கு முதல்முறையாக ஒரு முழுக் காலாட்படைப் பட்டாலியனையே அனுப்பியது. 2016 ஜூலையில் அந்நாட்டுத் தலைநகர் ஜூபாவில் சண்டை மூண்டு இரண்டு சீன வீரர்கள் இறந்தார்கள். பின்னர் நடந்த விசாரணை, சீனப் பட்டாலியன் சில காவல் நிலைகளைக் கைவிட்டதாகச் சொன்னது. அங்கே ஐ.நா. படையை நடத்திய கென்யத் தளபதி நீக்கப்பட்டார், கோபத்தில் கென்யா படையைத் திரும்பப் பெற்றது. அந்தப் படைக்கு ஆணை வகுத்த மேசையில் யாருடைய நாற்காலியும் அசையவில்லை.

நூலகர் ஐயா, கட்டுக்கட்டாகப் பழைய பத்திரிகைகளை எடுத்துத் தந்து தும்மிக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்கள். 1956இல் எகிப்தின் சூயஸ் கால்வாயை ஒட்டி வந்த நெருக்கடிக்குப் பின் அங்கே போன ஐ.நா. படையிலேயே இந்தியா, பிரேசில், இந்தோனேசியா, யூகோஸ்லாவியா எல்லாம் இருந்தன என்பதை முதல் அத்தியாயமாக வைத்தது அந்தக் கட்டுகளால்தான். 1967இல் அந்தப் படை முழுதாக வெளியேறும் முன்பே போர் வெடித்து, காசாவில் இந்திய வீரர்கள் உயிரிழந்த செய்தியும் அங்கேதான் கிடைத்தது.

பிழை திருத்திய தம்பிக்கும், வரைபடம் போட்டுத் தந்த தங்கைக்கும், நான் காங்கோவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததைப் பொறுத்துக்கொண்ட வீட்டாருக்கும் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயம். 2007இல் லைபீரியாவுக்குப் போன இந்தியப் பெண் போலீஸ் பிரிவு, ஐ.நா. வரலாற்றில் முழுவதும் பெண்களே கொண்ட முதல் போலீஸ் பிரிவு. என் நூலில் அதற்குக் கிடைத்திருப்பது சில பக்கங்களே. அங்கே பணியாற்றியவர்கள் யாராவது இதைப் படித்தால், பதிப்பகம் வழியாக ஒரு வரி எழுதுங்கள். இரண்டாம் பதிப்புக்கு அந்த அத்தியாயத்தை விரித்து எழுத இடம் கேட்டு வைத்திருக்கிறேன், பதிப்பாளரும் சம்மதித்துவிட்டார்.

நன்றியுடன்,
நூலாசிரியர்