கடைசி வகுப்புகளில் பயிற்சியாளர் ஏன் பேசுவதில்லை?

எங்களிடம் ஓட்டுநர் பயிற்சி பெறுபவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் வணக்கம்.

டெஸ்ட் தேதி நெருங்க நெருங்க ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "ஆரம்பத்தில் ஒவ்வொன்றையும் சொல்லிக்கொடுத்த சார், இப்போது பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வருகிறார். இதற்கும் கட்டணமா?" கேள்வி நியாயமானதுதான். ஆளாளுக்குப் போனில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

"கண்ணாடியைப் பாருங்க", "செகண்ட் போடுங்க" என்று பக்கத்திலிருந்து குரல் வந்துகொண்டிருக்கும் வரை, கை கால் மட்டும்தான் உங்களுடையது. எப்போது எதைச் செய்வது என்ற முடிவு அவருடையது. போதாக்குறைக்கு, பயிற்சி வண்டியில் அவர் பக்கமும் கிளட்சும் பிரேக்கும் இருக்கின்றன. நீங்கள் கிளட்சைப் படக்கென்று விட்ட பிறகும் வண்டி ஆஃப் ஆகாமல் நகர்ந்ததே, அதில் அவர் காலுக்கும் பங்கு உண்டு. தேர்வு அதிகாரி இதையெல்லாம் செய்ய மாட்டார். எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்வதோடு சரி. அவராகப் பிரேக் பிடிக்க வேண்டி வந்தால், பெரும்பாலும் அதோடு தேர்வு முடிந்துவிடும். அந்தச் சூழலுக்கு உங்களைப் பழக்குவதற்குத்தான் எங்கள் ஆட்கள் வாயையும் காலையும் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அது அவர்களுக்கும் எளிதல்ல.

அந்த நேரத்தில் அவர் முக்கியமாகக் கவனிப்பது உங்கள் கண்களை. ரிவர்ஸில் நிறுத்துவதுதான் டெஸ்டிலேயே கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் கவலையெல்லாம் பார்க்காமல் நகர்வதைப் பற்றித்தான். ஓரத்தில் நிறுத்திய வண்டியைக் கிளப்பும்போது, தடம் மாறும்போது, திரும்பும்போது, வேகத்தைக் குறைக்கும்போதுகூட, முதலில் கண்ணாடி, பிறகு இண்டிகேட்டர், அதன் பிறகுதான் ஸ்டீயரிங்கோ பிரேக்கோ. இண்டிகேட்டரைப் போட்டுத் திரும்பிக்கொண்டே கண்ணாடியைப் பார்ப்பவர்கள் உண்டு. அதனால் ஒரு பயனும் இல்லை. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் குவிந்தவை. அகலமாகக் காட்டும், ஆனால் பின்னால் வரும் வண்டியை இருப்பதைவிடச் சிறிதாக, தள்ளி இருப்பதுபோல் காட்டும். உள்கண்ணாடி தட்டையானது, தூரத்தை அதில்தான் சரியாக மதிப்பிட முடியும். இரண்டிலும் விழாத ஓர் இடம் உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு பைக் மறைவதற்கு அது போதும். அதைத் தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். அதிகாரிக்குத் தெரியட்டும் என்று சாமியாடுவதுபோல் தலையை ஆட்ட வேண்டாம். உண்மையிலேயே பார்க்கிறவரின் தலை தானாகவே கொஞ்சம் திரும்பும்.

இடைவெளியும் அப்படித்தான், எண்ணிப் பார்த்தால்தான் உறைக்கும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு நொடி ஓடிவிடும், அந்த 10 மீட்டரும் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க எடுக்கும் தூரம் சுமார் நான்கு மடங்காகும். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்து குறைந்தது 2 நொடி கழித்து நீங்கள் கடக்க வேண்டும். மழை என்றால் 4 நொடி. திடீர் பிரேக் பிடிக்கச் சொன்னால் தயங்காமல் அழுத்துங்கள். ஏபிஎஸ் (அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் பெடல் காலுக்கடியில் தடதடக்கும். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

வண்டி நடுவில் ஆஃப் ஆகிவிட்டால்? பிரேக், கிளட்ச், நியூட்ரல், மறுபடி ஸ்டார்ட், சுற்றிலும் ஒரு பார்வை, கிளம்பலாம். அதற்காக மட்டுமே ஒருவரைத் தோற்கடிப்பது அபூர்வம். பதறிப்போய்ச் சுற்றிப் பார்க்காமல் கிளப்புவதில்தான் வினை. மேட்டில் கிளம்பும்போது இன்ஜின் சத்தம் சற்று இறங்கி, வண்டி லேசாக நடுங்கும் அந்த ஹாஃப் கிளட்ச் நிலையைக் காதும் காலும் கண்டுபிடித்த பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ரிவர்ஸுக்குத் தனி வித்தை எதுவும் இல்லை. நடைவேகத்தைவிட மெதுவாக வாருங்கள், சந்தேகம் வந்தால் நிறுத்திப் பாருங்கள்.

வீட்டாருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். சட்டம் அனுமதிக்கும் இடங்களில் பிள்ளைகளை உங்கள் வண்டியில் பழக்குவது நல்லதுதான். ஆனால் இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது, ஒரு கையால் ஸ்டீயரிங்கைச் சுழற்றுவது, கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுவது போன்ற பல வருடப் பழக்கங்களைத் தயவுசெய்து சொல்லிக்கொடுக்காதீர்கள். நியூட்ரலில் இறங்கினால் வேகத்தைப் பிடித்துவைக்க இன்ஜின் உதவாது, பிரேக் மட்டுமே உழைத்துச் சூடேறும். அப்பாமார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இதைச் சொல்வதும் எங்கள் வேலைதான்.

டெஸ்டுக்கு முந்தைய நாள் புதிதாக எதையும் தொடாதீர்கள். எந்தச் செருப்பு அல்லது ஷூவில் பழகினீர்களோ அதையே போடுங்கள், பார்வைக்குக் கண்ணாடி அணிபவர் மறக்காமல் அணியுங்கள். உட்கார்ந்ததும் அவசரப்படாமல் சீட்டைச் சரிசெய்யுங்கள். கிளட்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். பிறகு கண்ணாடிகள், பெல்ட். ஆட்டோமேட்டிக் வண்டியில் டெஸ்ட் கொடுக்க நினைப்பவர்கள் முன்பே எங்களிடம் பேசுங்கள். பல நாடுகளில் அப்படி வாங்கும் உரிமத்தை வைத்துக்கொண்டு கியர் வண்டி ஓட்ட முடியாது.

பயிற்சியாளர் பேசாமல் வந்தாலும் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டுதான் வருகிறார். வகுப்பு முடிந்து வண்டியை ஓரம் கட்டியதும் அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள், புரியாததை அங்கேயே கேளுங்கள். ஒரு முழு வகுப்பைக் குரல் உதவி இல்லாமல் ஓட்ட முடியவில்லை என்று தோன்றினால் அலுவலகத்தில் சொல்லுங்கள். தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று உங்களோடு சேர்ந்து பார்க்கிறோம்.

அன்புடன்,
பயிற்சிப் பள்ளி அலுவலகம்