3, 4ஆம் கோர்ட்டுகளின் தரை குறித்துப் புகார்

அனுப்புநர்: மாலை வகுப்புப் பூப்பந்துப் பயிற்றுநர்கள், செந்தூல், கோலாலம்பூர்
பெறுநர்: நிர்வாகி, அரங்கப் பராமரிப்பு நிறுவனம்

மதிப்பிற்குரிய ஐயா,

இரண்டு கோர்ட்டுகளிலும் இருந்த மரத்தளத்தை எடுத்துவிட்டு, வெறும் சிமெண்டு மேல் 4.5 மி.மீ. பிவிசி விரிப்பை ஒட்டியிருக்கிறீர்கள். முறையிட்டதற்கு விரிப்பின் தரச் சான்றிதழை அனுப்பினீர்கள். அதில் குறை காணவில்லை. ஆனால் அது விரிப்புக்கான சான்றிதழ், தரைக்கானது அல்ல.

வலையோரம் விழும் பந்தை எடுக்க எட்டி வைக்கும் கடைசி அடியில், வலக்கை ஆட்டக்காரரின் வலக் குதிகால்தான் முதலில் பதிகிறது. அப்போது காலில் ஏறும் விசை உடல் எடையின் இரண்டு மடங்கைத் தாண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 கிலோவுக்கு மேல். ஓடிவந்த உடலை நிறுத்தி, உடனே பின்னுக்குத் தள்ளும் சுமை முன்தொடைத் தசைக்கும் முழங்காற்சில்லின் தசைநாணுக்கும் விழுகிறது. மரத்தளம் சற்று அமுங்கி அந்த அதிர்வைத் தணிக்கும். இங்கே விரிப்பின் நுரை நசுங்கியதும் எஞ்சுவது சிமெண்டுதான். மாலை வகுப்பில் ஆடுவோர் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள். வளரும் வயதில் அந்தத் தசைநாண் கீழே எலும்பைப் பற்றியிருக்கும் இடம் இன்னும் கெட்டிப்படாதது. ஓயாமல் இழுபட்டால் வீங்கி வலிக்கும்.

இணைப்புகள் இதைவிட ஆபத்து. 1.8 மீட்டர் அகலச் சுருள்கள் நான்கைப் பக்கம் பக்கமாக ஒட்டியதால், ஒற்றையர் பக்கக்கோட்டுக்கு உள்ளே ஏறத்தாழ 80 செ.மீ. தள்ளி இருபுறமும் ஓர் இணைப்பு ஓடுகிறது. மூலைக்கு எட்டி வைக்கும் கால் பதிவது அங்கேதான். 4ஆம் கோர்ட்டில் அது 3 மி.மீ. தூக்கி நிற்கிறது. பின்களத்தின் இடது மூலையில் தலைக்கு மேல் அடித்துவிட்டு இடக்காலில் மட்டும் இறங்குபவரின் சப்பாத்து அந்த விளிம்பில் மாட்டினால், பாதம் நின்றுவிடும், உடல் திரும்பும், முழங்கால் உள்ளே சாயும். முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் முன் சிலுவைத் தசைநார் அறுந்துபோக அது போதும்.

டேப் ஒட்டுவது தீர்வாகாது. அடித்தளத்து ஈரம் ஏறிக் கோந்தை இளக்குகிறது என்பதே எங்கள் கணிப்பு. சோதிப்பது எளிது: விரிப்பை விலக்கி, அரை மீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளைச் சிமெண்டின் மேல் நாற்புறமும் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர் முத்துகள் தெரிந்தால், ஈரத்தடுப்பு இல்லாமல் மறுபடி ஒட்டுவது வீண். சவர்க்காரம் கலந்து துடைப்பதையும் நிறுத்துங்கள். படலம் தங்கி வழுக்குகிறது.

4ஆம் கோர்ட்டை இன்றே மூட வேண்டும். அமுங்கும் அடித்தளம் போட்டபின், விரிப்போடு சேர்த்து முழுத் தரையையும், உள்ளரங்க விளையாட்டுத் தரைகளுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 14904-இன்படி சோதித்த அறிக்கை வேண்டும்: அதிர்வுத் தணிப்பு 25 முதல் 75 விழுக்காடு, உராய்வு அளவு 80 முதல் 110. அதுவரை முன்கூட்டிச் செலுத்திய கட்டணத்தைத் திருப்பித் தரவும். 14 நாள்களில் எழுத்துவழிப் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்போம்.

இப்படிக்கு,
பயிற்றுநர்கள்