திண்ணையில் இருந்த டின்

நாகலூர்,
ஆவணி மாதம்.

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது திண்ணையில் இருந்த குளோர்பைரிபாஸ் பூச்சிமருந்து டின்னைப் பார்த்துவிட்டாய். "சத்தியம் பண்ணினீங்களேப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். அது எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

நீ ஐந்தாவது படிக்கும்போது எண்டோசல்பான் அடித்துவிட்டு வந்து கிணற்றடியில் விழுந்தேன். கை நடுங்கி, வாந்தி நிற்காமல் கிடந்தவனை முதலில் பார்த்தவள் நீதான். அந்த மருந்தை 2011இல் உச்ச நீதிமன்றமே தடை செய்துவிட்டது. இனி மருந்து டேங்கைத் தோளில் ஏற்றமாட்டேன் என்று உன் தலையில் கை வைத்துச் சொன்னேன். அந்தச் சொல்லை முழுசாகக் காப்பாற்ற முடியவில்லை. ஏன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் காப்பிக்கு எமன் பெர்ரி போரர்தான். கடுகளவு வண்டு. காயின் தொப்புளில் துளை போட்டு உள்ளே போய்க் கொட்டைக்குள் முட்டை வைத்துவிட்டால், அப்புறம் எந்த மருந்தும் அதை எட்டாது. அது துளை போடுகிற அந்தச் சில நாட்கள்தான் நமக்குக் கிடைக்கிற நேரம். அதற்குத்தான் பிவேரியா பூஞ்சாணத்தை அடிக்க ஆரம்பித்தேன். கிராமுக்கு 10 கோடி வித்து இருக்க வேண்டும் என்பது கணக்கு. வித்து வண்டின் மேல் ஒட்டி, முளைவிட்டு, தோலைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். வண்டு சாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். செத்ததும், ஈரம் இருந்தால், வெள்ளைப் பஞ்சு மாதிரி வெளியே பூக்கும். மூட்டம் இறங்குகிற நாட்களில் காயின் தொப்புளில் அந்த வெள்ளையைப் பார்த்தால் எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

போன வருஷம் அது பூக்கவேயில்லை. கூலியை மிச்சம் பிடிக்கலாம் என்று, இலைத்துருவுக்கு அடிக்கிற போர்டோ கலவையோடு பிவேரியாவையும் ஒரே டிரம்மில் போட்டுவிட்டேன். கலக்கலாம் என்று மருந்துக்கடையில் சொன்னார்கள், நானும் யோசிக்கவில்லை. போர்டோவில் இருக்கிற மயில்துத்தம் பூஞ்சாணத்தைக் கொல்லத்தானே இருக்கிறது? இலையில் இருப்பது கெட்டது, டிரம்மில் இருப்பது நல்லது என்று அதற்கு எப்படித் தெரியும்! நீ இரண்டு ஊசி மருந்தை ஒரே சிரிஞ்சில் ஏற்றும் முன் சேருமா என்று பார்ப்பாய் அல்லவா, அந்த நிதானம் எனக்கு இல்லாமல் போனது.

அதனால் இந்த வருஷம் முதலில் வீட்டிலேயே பார்த்தேன். மூன்று பிளாஸ்டிக் டப்பா, அடியில் நனைத்த பேப்பர், ஒவ்வொன்றிலும் வண்டு துளைத்த பத்துக் காய். ஒன்றை வெறும் பிவேரியா தண்ணீரிலும், ஒன்றைப் போர்டோ கலந்ததிலும், ஒன்றைக் குளோர்பைரிபாஸ் கலந்ததிலும் நனைத்து எடுத்தேன். அம்மா சமையலறைப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டதால் மாட்டுக்கொட்டகைப் பரணில் வைத்தேன். பத்தாம் நாள் திறந்தபோது முதல் டப்பாவில் மட்டும்தான் வெள்ளை இருந்தது. மற்ற இரண்டும் வெறுமையாகக் கிடந்தன.

ஆனாலும், ரசாயனம் எல்லாமே பூஞ்சாணத்துக்கு எதிரி என்று நினைத்துவிடாதே. கறையானைப் பார்த்திருக்கிறாயே, ஒன்றின் மேல் ஒட்டிய வித்தை இன்னொன்று நக்கிச் சுத்தம் செய்துவிடும். அதனால் பூஞ்சாணம் தனியாக அங்கே பலிக்காது. இமிடாகுளோப்ரிட் மருந்தைக் கொல்லாத அளவுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தால், கறையான் மந்தமாகி அந்தச் சுத்தத்தை மறந்துவிடுகிறது. வித்து நிம்மதியாக முளைக்கிறது. மருந்து கதவைத் திறந்துவிட, பூஞ்சாணம் உள்ளே போகிறது. இதைப் படித்ததிலிருந்து எனக்குப் பெரிய நம்பிக்கை. ஆனால் எந்த மருந்து சேரும், எது சேராது என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. டின்னில் மருந்தைக் கரைத்து வைத்திருக்கிற எண்ணெயும் சேர்மானமுமே சில சமயம் வித்தைக் கெடுத்துவிடும். கம்பெனி மாறினால் அதுவும் மாறும்.

சரி, அந்த டின்னுக்கு வருகிறேன். ஓடைப் பக்கம், போன அறுவடையில் காய் விட்டுப்போன ஒரு மூலையில் வண்டு அளவுக்கு மீறி இருக்கிறது. பூஞ்சாணம் வேலையை முடிக்கிற அந்த ஒரு வாரத்துக்குள் பாதி வண்டு கொட்டைக்குள் போய்விடும். அந்த மூலைச் செடிகளுக்கு மட்டும் ஒரே ஒரு தடவை குளோர்பைரிபாஸ். இரண்டு வாரம் கழித்து, வேறு டேங்கில், வெயில் சாய்ந்த பிறகு பிவேரியா. மற்ற செடிகளுக்கு டின் மருந்து கிடையாது, பிவேரியா மட்டும். போர்டோவை அதற்கும் பின்னால் தள்ளிவைத்திருக்கிறேன். அறுவடையில் ஒரு காய்கூடச் செடியிலும் மண்ணிலும் மிஞ்சாமல் பொறுக்கிவிட்டால், அடுத்த வருஷம் அந்த டின்னே தேவைப்படாது என்று நினைக்கிறேன். ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

இன்னொன்று. கீழே அத்தை வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். பட்டுப்புழுவுக்கு வருகிற சுண்ணாம்புக்கட்டி நோயும் இதே பிவேரியாதான். 1835இல் இத்தாலியில் பாஸி என்பவர் கண்டுபிடித்துச் சொன்னார், பிவேரியா பாசியானா என்ற அதன் முழுப்பெயரிலேயே அவர் இருக்கிறார். அதனால் அடித்த நாளில் அங்கே போவதில்லை. மறுநாள் போனாலும் குளித்து, துணி மாற்றிக்கொண்டுதான் போகிறேன்.

நீ அனுப்பிய கையுறையும் முகமூடியும் போட்டுத்தான் அந்த மூலைக்கு அடித்தேன். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் நின்றேன், அம்மா சாட்சி. அடித்த பிறகு எடுக்க வேண்டும் என்று நீ சொன்ன ரத்தப் பரிசோதனையை, வரும் வியாழக்கிழமை சேலம் இறங்கும்போது எடுத்துவிடுகிறேன். சீட்டை போட்டோ எடுத்து அனுப்புகிறேன், என்ன என்று நீ பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா