நம் மன்றத்தின் ஆண்டறிக்கை: ரேகைச் சட்டத்தில் சிறை போனவர்களும் இந்த ஆண்டு வேலைகளும்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் இதை அனுப்பி வைக்கிறேன், அவசியம் படியுங்கள்.

பொங்கல் விளையாட்டு, நூலகத்துக்கு வெள்ளையடிப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரிசு எல்லாம் வழக்கம்போல நடந்தன. ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் நினைவுத் தூணுக்குப் போய் மாலை போட்டு வந்தோம்.

அப்புறம், நான் இந்த ஆண்டு அதிகமாக அலைந்த வேலை: ரேகைச் சட்டத்தில், அதாவது வெள்ளைக்காரர்கள் நம் சமூகத்தைக் குற்றப்பரம்பரை என்று அறிவித்துக் கைரேகை பதிய வைத்த சட்டத்தில், சிறை போனவர்களின் கதைகளையும் காகிதங்களையும் சேகரிப்பது. கிழவர்கள் ஜெயிலுக்குப் போன கதையை இப்போது எதற்குக் கிளறுகிறீர்கள், அந்தக் காசில் நாற்காலி வாங்கியிருக்கலாமே என்று போன கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

1920இல் பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்ததற்காக நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் உட்பட 16 பேர் செத்தது நம் எல்லோருக்கும் தெரியும், வருடா வருடம் கும்பிடுகிறோம். ஆனால் அதே சட்டத்தில் சத்தமில்லாமல் உள்ளே போய் வந்தவர்களுக்கு ஒரு தூணும் கிடையாது, ஒரு நாளும் கிடையாது. ரேகை பதிந்த ஆண்கள் ராத்திரியானால் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும், தவறினால் வழக்கு. அதே சட்டத்தைத் தொகுத்து மறுபடி போட்ட 1924ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பதிவில் உள்ள ஒருவர் திருடப் போகிறார் என்று கோர்ட்டுக்குத் தோன்றும்படி எங்காவது நின்றாலே மூன்று வருடம் வரை சிறை. திருட்டு நடந்திருக்கவே வேண்டாம்! ஒரு சமூகத்தைக் குற்றப்பரம்பரை என்று அரசு அறிவித்தால் அந்த அறிவிப்பு சரியா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது என்பதையும் சட்டத்திலேயே எழுதி வைத்துக்கொண்டார்கள். மேலே போய் முறையிட வழியில்லாத ஏழைச் சம்சாரிகள் என்ன செய்திருப்பார்கள்?

நம் ஊர் அம்மா ஒருவர் சொன்னது இது. அவருடைய மாமனாருக்கு அன்று ராத்திரி முறைத்தண்ணி. விட்டால் பயிர் போய்விடும் என்று வயலில் நின்றுவிட்டார், ஸ்டேஷனில் பெயர் கூப்பிட்டபோது ஆள் இல்லை. அதற்குத்தான் தண்டனை. திரும்பி வந்தபிறகும் அவர் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை, வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு அவர் பெயரையே சொல்லாமல் வளர்த்திருக்கிறார்கள், கல்யாணச் சம்பந்தம் கெட்டுவிடும் என்ற பயம். இந்த வெட்கம் அந்தக் குடும்பம் சுமக்க வேண்டியதா, சட்டம் போட்டவர்கள் சுமக்க வேண்டியதா?

நியாயம் கேட்டவர்களும் இருந்தார்கள். மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் நம் மக்களுக்காக வாதாடினார், அவரைத்தான் நம் பெரியவர்கள் ரோசாப்பூ துரை என்றார்கள், பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். முத்துராமலிங்கத் தேவரும் கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவும் இன்னும் பலரும் போராடி 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது. சட்டம் போனது, ஆனால் வாங்கிய தண்டனை பதிவேட்டில் அப்படியே நின்றது.

அதனால்தான் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுகிறோம், பழைய சீட்டு, சம்மன், தீர்ப்பு நகல் கிடைத்தால் படமெடுத்து வைக்கிறோம். ஒரு அலுவலகத்தில் பழைய கோப்பெல்லாம் கழித்தாகிவிட்டது என்று வாயால் சொல்கிறார்கள், எழுத்தில் கேட்டால் தர மறுக்கிறார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருக்கிறேன். கூட வருகிறோம் என்று கைதூக்கியவர்களில் கடைசிவரை வந்தது இரண்டு இளைஞர்கள்தான், மற்றவர்கள் போனைக்கூட எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டி வாடகையை நாங்களே போட்டுக்கொண்டோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், கையிருப்பு போன வருடத்தைவிடக் குறைவு, காரணம் சந்தா. பாதிப்பேருக்கு மேல் பாக்கி வைத்திருக்கிறார்கள். சிலர் பதவியில் இருந்தவர்கள், கூட்டத்தில் கேள்வி கேட்பவர்களும் அவர்களே. ரசீதுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது, பெயரை இங்கே வாசிக்க நான் விரும்பவில்லை.

இடம் கொடுத்த கோயில் நிர்வாகத்துக்கும், ஒலிபெருக்கி தந்த தம்பிக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், மகளிர் குழுவினருக்கும் நன்றி.

அடுத்த வருடம் செயலாளர் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எடுப்பவர் இந்த வேலையை நிறுத்தக் கூடாது. ரேகைக் காலத்தை நேரில் பார்த்தவர்கள் தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள், நம் ஊரில் விரல் விட்டு எண்ணலாம். கேட்டு எழுத ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவியும், மாதம் ஒரு ஞாயிறு கூட வர நாலு பேரும் வேண்டும். வர முடியாதவர்கள் சந்தா பாக்கியைக் கட்டினாலே போதும், வீட்டுப் பரணில் தகரப்பெட்டி ஏதாவது இருந்தால் காகிதங்களை எடைக்குப் போடும் முன் ஒரு தடவை எங்களிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்