டேங்குகளைச் சுற்றியுள்ள டைக் சுவர்களை மழைக்கு முன் சோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்பு மக்கள்,
கடலூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கடலூர் மாவட்டம்.

பொருள்: ரசாயன டேங்குகளின் டைக் சுவர்கள், வடிகால் வால்வுகளை ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருக்காரர்கள் சார்பில் இதை எழுதும் நான், ஒரு ரசாயன ஆலையின் டேங்க் யார்டில் 11 வருடம் ஒப்பந்த வேலை பார்த்தவன். ஆலையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு ஆலையோடு முடிகிற விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை.

டேங்க் ஓட்டையானாலோ பைப் உடைந்தாலோ ஆசிட் வெளியே ஓடாமல் பிடித்து வைக்கத்தான் சுற்றிலும் டைக் என்கிற தடுப்புச் சுவர் கட்டுகிறார்கள். உள்ளே இருப்பதில் பெரிய டேங்க் முழுதும் கொட்டினாலும் கொள்ள வேண்டும், அதற்கு மேல் பத்து சதவீதம் இடமும் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சுவர் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆய்வுக்கு வருகிறவர்களும் சுவரைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கவனிக்க வேண்டியது அதன் அடியில் இருக்கும் வால்வு.

டைக்குக்குள் தேங்கும் மழைநீரை வெளியே விடத்தான் அந்த வால்வு. எப்போதும் மூடிப் பூட்டியிருக்க வேண்டும். மழை விட்டதும் தண்ணீரில் ஆசிட் கலந்திருக்கிறதா என்று பி.எச். பார்த்து, ஆள் பக்கத்தில் நின்று திறந்து, வடிந்த கையோடு மூட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர் மழைக்குத் தினமும் யார் இதைச் செய்வது? திறந்தே போட்டுவிடுவார்கள். மேஸ்திரி சொல்லி நானும் அப்படி விட்டிருக்கிறேன். அந்தத் தண்ணீர் மழைநீர்க் கால்வாயில் இறங்கி உப்பனாற்றுக்குப் போகிறது. அந்த நேரம் டேங்க் ஒழுகினால் ஆசிட்டும் அதே வழியில்தான் போகும். 2015 நவம்பர் வெள்ளத்தில் இங்கே தண்ணீர் நின்ற அளவு தங்கள் அலுவலகத்துக்கே தெரியும்.

அப்புறம் சுவர். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சிமெண்டை அரித்துவிடும். ஆசிட் தாங்கும் செங்கல் பதித்த இடத்திலும் இணைப்புகள் விட்டுப்போகின்றன. பைப் நுழையும் துளையைச் சுற்றிக் கை போகிற சந்து இருக்கிறது. சுவரை உயர்த்தாமலே உள்ளே இன்னொரு டேங்க் வைப்பதும் உண்டு. பிளீச்சிங் திரவமான ஹைப்போகுளோரைட் டேங்கையும் ஆசிட் டேங்கையும் ஒரே டைக்கில் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அதைச் சுவர் தடுக்காது.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 2014 ஜனவரியில் நடந்ததும் சுவர் கைவிட்ட கதைதான். டேங்கில் சிறு ஓட்டை, சுற்றுச்சுவரிலும் விரிசல். ரசாயனம் எல்க் ஆற்றில் கலந்து, சுமார் 3 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைத் தொட முடியாமல் தவித்தார்கள்.

விபத்து நடக்காமல் தடுக்கவும், நடந்தால் பாதிப்பைக் குறைக்கவும் ஏற்பாடு செய்திருப்பதை ஆலை காட்ட வேண்டும் என 1989-ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகள் சொல்கின்றன. 1996-ஆம் ஆண்டின் ரசாயன விபத்து விதிகளின்படி, அப்படிப்பட்ட விபத்துகளைக் கவனிக்கும் மாவட்ட நெருக்கடிக் குழுவுக்குத் தாங்களே தலைவர். ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன், தொழிலகப் பாதுகாப்பு, மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளைச் சேர்த்து அனுப்பி, ஒவ்வொரு டைக்கையும் சோதிக்க உத்தரவிட வேண்டுகிறோம். வால்வுக்குப் பூட்டும், திறந்த நேரமும் மூடிய நேரமும் எழுதும் பதிவேடும் இருக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிச் சுவரைச் சோதிப்பதானால் காலி டேங்கை வைத்துக்கொண்டு செய்யக் கூடாது, மிதந்து பைப்பை முறித்துவிடும். முன்கூட்டிச் சொல்லாமல், மழை பெய்கிற ஒரு நாளிலும் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆய்வு முடிவை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டவும் கேட்டுக்கொள்கிறோம். வால்வுகள் எங்கே இருக்கின்றன என்று காட்ட ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
குடியிருப்பு மக்கள் சார்பில்,
முன்னாள் ஒப்பந்தத் தொழிலாளி

இணைப்பு: குடியிருப்போர் கையெழுத்துப் படிவம்